ஆறு கார்களில் நாலாவது



மாட்டுவண்டிச் சவாரி பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்கள் இன்னும் என் மேசையில் கிடக்கின்றன. பெரும்பாலானவை வயது போனவர்கள் எழுதியவை. தங்கள் அப்பு வளர்த்த சோடி, அதற்குப் போட்ட தீனி, எந்தத் திடலில் எந்த வருடம் முந்தி வந்தது என்றெல்லாம் கை நடுங்க எழுதியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே, கொப்பித் தாளைக் கிழித்து நான்காக மடித்த ஒரு கடிதமும் இருந்தது. எழுதியவர் வடமராட்சியிலிருந்து ஒரு மாணவர். உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

அவர் கேட்டது இதுதான். மாட்டுவண்டிக்கு எட்டுப் பக்கம் கொடுத்தீர்கள், கார்ப் பந்தயத்துக்கு இன்றைக்கு வரைக்கும் ஒரு பக்கமாவது கொடுத்தீர்களா? எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம். போர்மியூலா வன்னில் புள்ளி எடுத்த கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் பெரிய ஆள் என்று அண்ணா சொல்கிறார். “ஆறு கார் ஓடின ஓட்டத்தில் நாலாவதாய் வந்தது ஒரு வெற்றியோ?” என்று மாமா கேட்கிறார். யார் சொல்வது சரி?

இந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மறுமொழியைக் கடிதமாக அனுப்பாமல் இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன், தம்பி. மற்ற வாசகர்களும் இருந்து கேட்கட்டும்.

கார்ப் பந்தயம் பாராதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. போர்மியூலா வன் கார் ஒருவர் மட்டுமே இருக்கக்கூடியது. நான்கு சில்லுகளும் உடலுக்கு வெளியே நிற்கும். ஓட்டுபவர் ஏறக்குறையப் படுத்த நிலையில் இருப்பார். 2005ஆம் ஆண்டின் விதிப்படி, ஓட்டுபவரையும் சேர்த்துக் காரின் நிறை 600 கிலோவுக்குக் குறையக்கூடாது. நம் ஊரில் இன்னும் ஓடுகிற பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் இதைவிட எவ்வளவோ பாரம். வருடம் முழுக்க, நாட்டுக்கு நாடு போய், அதே ஓட்டுநர்கள் அதே அணிகளோடு ஓடுவார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் கிடைக்கும் புள்ளிகளைக் கூட்டித்தான் உலகச் சாம்பியனைத் தெரிவார்கள். 2005இல் அப்படி 19 ஓட்டங்கள். அவற்றில் ஒன்பதாவது, ஜூன் 19ஆம் திகதி அமெரிக்காவின் இண்டியனாபொலிஸில் நடந்தது.

அந்த வருடத்தில் ஒரு புதிய விதி வந்திருந்தது. தகுதிகாண் சுற்றில் போடும் ரயர்களையே ஓட்டம் முடியும் வரை வைத்திருக்க வேண்டும். இடையில் மாற்ற முடியாது. பத்து அணிகளில் ஏழு அணிகள் மிஷெலின் ரயரிலும், பெராரி, ஜோர்டான், மினார்டி ஆகிய மூன்றும் பிரிட்ஜ்ஸ்டோன் ரயரிலும் ஓடின. இண்டியனாபொலிஸில் ஒரு வளைவு இருக்கிறது, பதின்மூன்றாவது வளைவு. வெளிப்பக்கம் உயர்ந்து உள்பக்கம் சரிந்த அந்த வளைவைக் கார்கள் மணிக்கு 300 கிலோமீற்றர் அளவு வேகத்தில் கடக்கும். அப்போது காரின் பாரமெல்லாம் இடப்பக்கப் பின் ரயரில் போய் இறங்கும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், அந்த இடத்தில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா ரயர் விட்டுச் சுவரில் மோதியது. ஓடுதளத்தின் மேற்பரப்பை அப்போதுதான் புதிதாகச் சீவியிருந்தார்கள். பிரிட்ஜ்ஸ்டோனின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபயர்ஸ்டோன் அங்கே நடக்கும் அமெரிக்கப் பந்தயங்களுக்கு ரயர் கொடுத்து வந்ததால், அந்தப் பக்கத்துக்கு அந்தத் தரையின் குணம் தெரிந்திருந்தது. மிஷெலினுக்குத் தெரியவில்லை.

வேகத்தைக் குறைக்காமல் முழு ஓட்டமும் ஓடினால் எங்கள் ரயர் தாங்கும் என்று சொல்ல முடியாது என மிஷெலின் தானே எழுதிக் கொடுத்தது. பிழை தன்னுடையது என்று ஒரு பெரிய நிறுவனம் ஓட்டத்துக்கு முன்னரே ஒப்புக்கொண்டதை நான் மதிக்கிறேன். அந்த வளைவுக்கு முன்னால் ஒரு தற்காலிக நெளிவு போட்டு வேகத்தைக் குறையுங்கள் என்று அணிகள் கேட்டன. கடைசி நேரத்தில் தடத்தை மாற்ற முடியாது என்று சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனம் மறுத்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்கும் பேச்சு நடந்தது.

நம் பக்கத்தில் அப்போது நடுச்சாமம். இண்டியனாபொலிஸில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் ஆசனங்களில் இருக்க, 20 கார்களும் தொடக்கக் கோட்டுக்கு வருவதற்கான சுற்றை ஓடின. சுற்று முடியும் இடத்தில், மிஷெலின் ரயர் போட்ட 14 கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் கொட்டகைப் பக்கம் திரும்பிவிட்டன. கோட்டில் நின்றவை ஆறே ஆறு: இரண்டு பெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. நடுவில் பெரிய வெற்றிடம். பத்தொன்பதாவது இடத்தில், ஜோர்டான் காரில் நரேன் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற சில கார்களைத் தவிர வெறும் தார்.

சனம் கத்தியது, போத்தல்களைத் தடத்தில் எறிந்தது. அந்த நிலையிலும் ஆறு பேரும் 73 சுற்றுகளுக்கான ஓட்டத்தை ஓடி முடித்தார்கள். அது 306 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி அதைவிடக் கொஞ்சம்தான் கூட. பெராரிக்காரர்களான மைக்கேல் ஷூமாக்கர் முதலாவது, பரிக்கெல்லோ இரண்டாவது, நரேனின் அணித் தோழர் போர்த்துக்கல்லின் தியாகோ மொன்டெய்ரோ மூன்றாவது, நரேன் நாலாவது. ஐந்து புள்ளிகள். போர்மியூலா வன்னில் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. பின்னாளில் மிஷெலின், பார்க்க வந்தவர்களுக்கு ரிக்கற் காசைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த வருட ஓட்டத்துக்கு 20,000 ரிக்கற்றுகளையும் வாங்கிக் கொடுத்தது.

மறுநாள் காலை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பேப்பர் கடையில் இந்தச் செய்தியை வாசித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏ9 பாதை திறந்திருந்த காலம், சுனாமி அடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. விளையாட்டுப் பக்கத்தின் ஒரு மூலையில் நாலு வரி. பக்கத்தில் நின்ற ஒருவர் உமது மாமா கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார்: “ஆறிலை நாலோ, அண்ணை?” அன்றைக்கு எனக்கு மறுமொழி தெரியவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

மாமா எண்ணியது சரி, ஆறு கார்தான். ஆனால் வருடக் கடைசியில் அட்டவணையைப் பாருங்கள். அந்த வருடம் முழுக்க ஜோர்டான் அணி எடுத்தது 12 புள்ளிகள். அவற்றில் 11 அந்த ஒரே நாளில் வந்தவை. மினார்டி எடுத்த ஏழு புள்ளிகளும் அதே நாளில்தான். ஜோர்டான் ஒன்பதாவது, மினார்டி பத்தாவது. சின்ன அணிகளுக்கு இந்தப் புள்ளிகள் சின்ன விஷயமாக இருக்கவில்லை. ஆறே கார் ஓடிய தடத்தில், சனம் கூச்சலிட, ஒரே ரயரில் கடைசிச் சுற்று வரை அந்த அணிகளின் ஓட்டுநர்கள் காரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வந்து நின்றவர்களுக்குத்தான் புள்ளி என்பது அந்தப் போட்டியின் விதி. வரும்போது கையில் நல்ல ரயர் இருந்தது அதிர்ஷ்டம். மற்றது முழுக்க உழைப்பு. என் தீர்ப்பு அண்ணா பக்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாலாவது இடம் நரேனுக்கு அடுத்த வருட ஆசனத்தைக் கொடுக்கவில்லை. அக்டோபரில் ஷங்காயில் நடந்த கடைசி ஓட்டத்தில் அவருடைய கார் பலமாக மோதி நொறுங்கியது. அடுத்த வருடம் அணியின் பெயரும் மாறியது. அவர் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநராகப் போனார். மறுபடி போர்மியூலா வன் ஓட்டங்களில் ஓட 2011 வரை காத்திருந்தார். அந்த வருடம் டெல்லிக்குப் பக்கத்தில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயில் அவரும் ஓடினார். பிறகு ஜப்பானில் நெடுநாள் ஓடினார். இதெல்லாம் நீர் இணையத்தில் எடுத்துப் பார்க்கக்கூடியவை. நான் உமக்குச் சொல்ல விரும்புவது அதற்கு முந்திய கதையை.

நரேன் 1977 ஜனவரி 14ஆம் திகதி, பொங்கலன்று பிறந்தவர். தகப்பன் ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பல தரம் வென்றவர். அந்தத் தலைமுறைக்குப் பந்தயம் பழக ஓர் இடம் இருந்தது. சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுபாதை அது. போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தத் தொடங்கியது. வைக்கோல் கட்டுகளை ஓரத்தில் அடுக்கி வைத்து ஓடினார்கள். பஸ்களிலும் லொறிகளிலும் சனம் வந்து இறங்கியது. எண்பதுகளின் கடைசி வரை அது நடந்தது. அதற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தனக்கென்று ஒரு தடம் போட்டது.

கோயம்புத்தூரில் கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். ஆலை முதலாளிகள் குடும்பம். தானும் பந்தயம் ஓடியவர். வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குவதென்றால் பணக்காரருக்குத்தான் முடியும் என்று இருந்த காலத்தில், தெருவில் ஓடும் மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து, அதைச் சுற்றி மலிவாக ஓர் ஒற்றை இருக்கைக் காரைக் கட்டினார். அதற்கு போர்மியூலா மாருதி என்று பெயர். ஒரே மாதிரிக் கார்களில் பெடியன்கள் ஓடினால் எவன் கெட்டிக்காரன் என்று தெரிந்துவிடும். 1993இல் ஸ்ரீபெரும்புதூரில் நரேன் ஓடிய கார் அதுதான். அங்கிருந்து இங்கிலாந்து, 1996இல் போர்மியூலா ஆசியா சாம்பியன், பிறகு போர்மியூலா வன்னில் மெல்பேர்ன், இண்டியனாபொலிஸ். கரிவரதன் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோயம்புத்தூரில் செட்டிபாளையத்து ஓடுதளத்துக்கு இன்று அவருடைய பெயர்தான்.

மாருதி எஞ்சினில் பந்தயக் கார் கட்டிய கதையை வாசித்தபோது எனக்கு நம் கராஜ்காரர்கள்தான் நினைவில் வந்தார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பெற்றோல் கண்ணால் காண முடியாது. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அறுபதாம் ஆண்டுக் காரையும் மோட்டார் சைக்கிளையும் வருடக்கணக்காக ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டோம். அந்தக் காபரேற்றர் வேலையை எந்தப் புத்தகத்திலும் படித்துச் செய்யவில்லை. சத்தத்தைக் காதால் கேட்டே திருகாணியைத் திருப்பினார்கள். அப்படிப்பட்ட கைகள் சுன்னாகத்திலும் நெல்லியடியிலும் சாவகச்சேரியிலும் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்குப் பந்தயக் கார் கட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஓடுபாதைகளின் கதைக்கு வருகிறேன். போர்மியூலா வன் உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் ஓட்டம் 1950 மே 13ஆம் திகதி இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் நடந்தது. அதுவும் இரண்டாம் உலகப் போரின் விமானத்தளம். களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தை, அதுவும் அதே போரின் ஓடுபாதைதான். அங்கேயும் பந்தயம் ஓடினார்கள். நம்முடைய பலாலியும் அதே போரில் போட்டதே. போர் முடிந்த பிறகு அது நமக்கு வாசலாக இருந்தது. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1990இல் அதைச் சுற்றியிருந்த ஊர்ச் சனம் எழும்பிப் போனது. 2019 அக்டோபரில் அது யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. ஒரே காலத்தில் போட்ட ஓடுபாதைகளில், மற்ற ஊர்ப் பிள்ளைகள் ஓடிப் பழகிய வருடங்களில் நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைகாட்டவும் முடியவில்லை. இதை எழுதும்போது எனக்கு மனம் நோகிறது.

அந்த வருடங்கள் போனாலும், வேகத்தில் ஆசை வைக்கும் பெடியன்கள் போகவில்லை. பின்னேரத்தில் வல்லை வெளிக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், நேரான தெரு, காற்று. இரண்டு மோட்டார் சைக்கிள் அக்கம்பக்கமாக வந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை, அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது, அப்படி ஓடப்போய் இடக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தான். உயிர் தப்பினான். இப்போது ஒரு கராஜில் இருந்தபடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வருத்தம் எங்கே என்று சொல்கிறான். அவனிடம் ஒரு நாள் கேட்டேன், ஏன் அப்படி ஓடினாய் என்று. “வேறை எங்கை ஓடுறது, மாமா?” என்றான். நான் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன்.

போன இதழில் சவாரியைப் பற்றி எழுதிய பெரியவர்களை இப்போது கேட்கிறேன். மாடு ஓடுவதற்கு நம் முன்னோர் தெருவைக் கொடுக்கவில்லை. ஊருக்கு வெளியே சவாரித் திடல் என்று ஓர் இடம் ஒதுக்கினார்கள். சோடிகளைத் தரம் பிரித்தார்கள். தொடக்கம் எது, எல்லை எது, சனம் எங்கே நிற்பது என்று வரையறுத்தார்கள். பிழை விட்டவனை விலக்கினார்கள். மாட்டுக்கு இவ்வளவு செய்த ஊர், பெடியனுக்கும் ஓர் இடம் கேட்க வேண்டாமா?

பெரிய ஓடுதளம் கேட்கவில்லை. கார்ட்டிங் என்று ஒன்று இருக்கிறது. நாலு சில்லு, ஒரு இரும்புச் சட்டம், மோட்டார் சைக்கிள் எஞ்சின் அளவிலான எஞ்சின். தரையோடு ஒட்டி இருந்து ஓட்டுவது. உலகச் சாம்பியன்களில் அநேகமானோர் சிறுபிள்ளையில் அதில்தான் தொடங்கினார்கள். இண்டியனாபொலிஸில் அன்று முதலாவதாக வந்த மைக்கேல் ஷூமாக்கரின் தகப்பன் ஒரு கொத்தனார். மகனுக்கு நாலு வயதில், மிதித்து ஓடும் விளையாட்டுக் காரில் ஒரு சின்ன எஞ்சினைப் பூட்டிக் கொடுத்தார். பிறகு அந்தக் குடும்பம் கெர்ப்பன் என்ற ஊரின் கார்ட் தடத்தைப் பார்த்துக்கொண்டது. பகலில் அங்கே தாய் சிற்றுண்டி விற்றார். அந்தத் தடத்திலிருந்து வந்தவர் ஏழு தரம் உலகச் சாம்பியனானார்.

பாதுகாப்பில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கவும் இல்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடம் விலகிச் சனத்துக்குள் போய் ஏழு பேர் இறந்தார்கள். ஒரு சிறுமியும் அவர்களில் இருந்தாள். வேலி, தூரம், வைத்தியர், அம்புலன்ஸ், நடுவர் எல்லாம் முதலில், கார் பிறகு. இந்த வரிசை மாறுவதென்றால் தடமே வேண்டாம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஒற்றை இருக்கைக் காரைத் தாங்களே வரைந்து கட்டி, மாணவர்களுக்கான சர்வதேசப் போட்டிக்குப் போயிருக்கிறார்கள். நம் பீடத்துப் பிள்ளைகளும் நம் கராஜ் கைகளும் ஒரு மேசையில் இருந்தால் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். சென்னையில் 2024 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் முதலாம் திகதியிலும், தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீற்றர் தெருவில் இரவு வெளிச்சத்தில் போர்மியூலா ஃபோர் ஓட்டம் நடந்தது. பலாலியிலிருந்து விமானத்தில் போனால், பருத்தித்துறையிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போவதைவிடக் கிட்ட.

ஆகவே வாசகர்களிடம் கேட்கிறேன். சோழவரத்திலோ கட்டுக்குருந்தையிலோ நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையோட்டத்திலோ பந்தயம் பார்த்தவர்கள், அதைவிட ஓடியவர்கள், உங்கள் நினைவுகளை எழுதுங்கள். படங்கள் இருந்தால் அனுப்புங்கள், பத்திரமாகத் திருப்பித் தருவோம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகளைக் கார்ட்டிங் பழக விடும் பெற்றோர், அங்கே தடம் எப்படி நடத்துகிறார்கள், என்ன விதி, என்ன செலவு என்று எழுதுங்கள். உள்ளூராட்சி மன்றங்களில் இருப்பவர்கள், உங்கள் எல்லைக்குள் வீடுகளுக்குத் தூரமாகச் சும்மா கிடக்கும் நிலம் ஏதும் இருந்தால் சொல்லுங்கள். வருகிற எல்லாக் கடிதங்களையும் கட்டாக்கி, உரிய இடத்தில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

தம்பி, உமக்கு ஒரு சொல். அடுத்த இதழில் கார்ப் பந்தயத்துக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன், மாட்டுக்குக் கொடுத்த அதே எட்டு. முதற்பக்கத்தை நீர்தான் எழுத வேண்டும். மாமாவிடமும் ஒரு பத்தி வாங்கி அனுப்பும்.